தாத்தா வீட்டைக் கொண்டுபோனது எது? – காலநிலைப் பாடம் பற்றிய கேள்வி பதில்

(திருவொற்றியூரில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் பதிலளிக்கிறார்.)

தண்டையார்பேட்டை, ஒரு தாய்: ஓசோன் ஓட்டை வழியாக வெயில் இறங்குவதால்தான் பூமி சூடாகிறது என்கிறாள் பத்தாவது படிக்கும் மகள். சரியா ஐயா?

இல்லை அம்மா. ஓசோன் படலம் புற ஊதாக் கதிர்களைத் தடுப்பது. அதைக் காக்க 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. பூமியைச் சூடாக்குவதில் முதன்மையானது, வெளியேற வேண்டிய வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயு. 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்காக இருந்த அது, இன்று 420ஐக் கடந்துவிட்டது. இவ்விரண்டையும் கலக்க வேண்டாம்.

காசிமேடு, கல்லூரி மாணவர்: காலநிலை மாற்றத்தால் தாத்தாவின் வீட்டைக் கடல் கொண்டுபோனது என்று கட்டுரை எழுதிப் பரிசும் பெற்றேன். நண்பன் மறுக்கிறான்.

தம்பி, வீடு போன ஆண்டைத் தாத்தாவிடம் முதலில் கேளுங்கள். நம் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் கால அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக் காலத்தில் ஒரு பகுதி திரும்பினாலும், ஆண்டுக் கணக்கில் வடக்குப் போக்கே மிகுதி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டபின், வந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. மணல் வரத்து குறைந்த ராயபுரம் முதல் வடகரை தேய்ந்தது. அரிப்பைத் தடுக்க ஓரிடத்தில் கருங்கல் கொட்டினால், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது. பரிசு கொடுத்தவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

எண்ணூர் வாசகர்: துறைமுகத்தையே சொல்லி, நிலக்கரி எரிப்பவர்களைத் தப்பவிடுகிறீர்களே!

தப்பவிடவில்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ., ஏறத்தாழ ஒரு சாண், உயர்ந்தது. மணலிழந்த கரையில் அந்த ஒரு சாண் கூடுதல் தூரம் உள்ளே வருகிறது. உங்கள் ஊர் அனல்மின் நிலையத்தையே பாடமாக்கலாம்: சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்து இறாலையும் வலையையும் கெடுக்கிறது, புகைபோக்கி வழியே போகும் கரியமில வாயுவோ உலகெங்கும் பரவுகிறது. முதல் கேட்டைப் பிள்ளை கண்ணால் காண்கிறது, இரண்டாவதைக் கணக்கிட்டே அறிய முடியும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தால், கழிமுகத்தைத் தூர்வாரியதும் புவி குளிர்ந்துவிடும் என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும்.

அதே வாசகர்: மக்களுக்கு இந்தப் பாகுபாடு எதற்கு? இழப்பு ஒன்றுதானே?

இழப்பு ஒன்றுதான், ஆனால் மனு எழுதும்போது யாரிடம் எதைக் கேட்பது என்பது காரணத்தைப் பொறுத்தது. மணல் வரத்துக்கு ஒரு மனு, நிலக்கரிக்கு வேறு மனு.

எர்ணாவூர், ஒரு தந்தை: எல்லாம் மூழ்கத்தானே போகிறது என்று மகன் படிப்பை விடுகிறான்.

அவன் தனியாள் அல்லன். இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் எடுத்து 2021இல் வெளியான ஆய்வில், 59 விழுக்காட்டினர் மிகுந்த கவலையில் இருந்தனர். அவனைக் கேலி செய்யாதீர்கள். உறக்கமும் உணவும் கெட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வண்ணாரப்பேட்டை: போட்டிக்கு மரம் நடுதல் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தருவீர்களா?

மாட்டேன்.

மணலி: ஓசோன் ஓட்டை அடைபட்டால் வெப்பம் குறையுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.