கள்ள வழியால் ஓடும் கரண்ட்: ரீராம் கேள்வி பதில்

வெள்ளவத்தை மாணவர்: அண்ணா, ரீராம் (தடையின் அளவாகத் தரவைச் சேமிக்கும் நினைவகம்) அணிகளில் 'ஸ்னீக் பாத்' கரண்ட், அதாவது வாசிக்கும் கலத்தை விட்டுப் பக்கவழியால் ஓடும் கரண்ட், என்கிறார்களே, அதை வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 1 கிலோ ஓம் தடை மூன்றும் 100 கிலோ ஓம் தடை ஒன்றும் வாங்குங்கள். பிரெட்போர்டில் இரண்டு நிரை, இரண்டு நிரல். அவை சந்திக்கும் நான்கு இடத்திலும் ஒவ்வொரு தடை; ஒவ்வொன்றும் ஒரு நினைவகக் கலம் மாதிரி. குறைந்த தடை 'ஒன்று', கூடிய தடை 'பூச்சியம்'. 100 கிலோ ஓம் இருக்கும் நிரையிலும் நிரலிலும் மீற்றரைப் பிடித்தால், காட்டுவது ஏறத்தாழ 2.9 கிலோ ஓம்! மற்ற மூன்றும் தொடராகச் சேர்ந்து 3 கிலோ ஓமில் ஒரு பக்கவழி திறந்துவிட்டன. பூச்சியம் ஒன்றாகத் தெரிகிறது. நான்கு கலத்துக்கே இந்தக் கூத்து.

அதே மாணவர்: கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட் போட்டால் நிற்குமா?

நிற்கும். ஒவ்வொரு தடையோடும் தொடராக ஒரு 1என்4148 டயோட், எல்லாம் ஒரே திசையில். பக்கவழியின் நடுக்கலத்தில் கரண்ட் தலைகீழாகப் போயாக வேண்டும். அங்கே டயோட் மறித்துவிடும். மீற்றரின் ஓம் ரேஞ்சில் பார்க்காதீர்கள், டயோட்டைத் திறக்க அதன் வோல்ட்டேஜ் போதாமல் போகலாம். 5 வோல்ட் கொடுத்துக் கரண்டை அளந்து பாருங்கள்: முன்பு 1.7 மில்லி அம்பியர், இப்போது 45 மைக்ரோ அம்பியருக்குக் கிட்ட.

கொட்டாஞ்சேனை வாசகி: அப்படியென்றால் சிப்பிலும் டயோட்டே போதும்தானே?

ஹாஃப்னியம் ஒக்சைட் போன்ற பல கலங்களில் எழுத ஒரு திசை, அழிக்க எதிர்த்திசை. டயோட் இருந்தால் அழிக்க முடியாது. அதனால்தான் செலெக்டர்: சிறு வோல்ட்டேஜில் மூடியிருக்கும், எல்லை தாண்டினால் இரு திசையிலும் திறக்கும். கலத்துக்கொரு டிரான்சிஸ்டர் வைத்தாலும் கசிவு அடங்கும். ஆனால் இடம் கூடும், அடுக்கடுக்காகக் கட்டுவதும் சிரமமாகும். அடர்த்திக்காகத்தானே இந்த அணியையே தேடி வந்தோம்? என் வாக்கு செலெக்டருக்கே.

தெஹிவளை வாசகர்: தேர்ந்தெடுக்காத கம்பிகளைப் பாதி வோல்ட்டேஜில் வைத்தால் இதெல்லாம் தேவையில்லையே?

பாதிதான் சரி. தேர்ந்த நிரையிலும் நிரலிலும் உள்ள மற்றக் கலங்களுக்குப் பாதி வோல்ட்டேஜ் விழுகிறது. மிச்சக் கலங்களுக்குப் பூச்சியம். பாதி விழுகிற இடத்தில் கசிவு தொடரும், அணி பெருக்கப் பெருக்க மின்செலவும் ஏறும். தேர்ந்தெடுக்காத ஒவ்வொரு கலத்துக்கும் வோல்ட்டேஜின் மூன்றிலொரு பங்கே விழும்படி வைக்கும் 'மூன்றிலொரு' முறையில் எந்தக் கலத்திலும் தவறுதலாக எழுதப்படும் ஆபத்து குறைவு. ஆனால் தேராத எல்லாக் கலமும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். செலெக்டரோடு சேர்த்தால்தான் இரண்டுமே பிரயோசனம்.

அதே வாசகர்: கலத்தின் தடையையே கூட்டினால்?

கசிவு குறையும். வாசிக்கும் கரண்டும் குறைந்துவிடுவதால் வேகம் போய்விடும்.