இடது பெடல் ஏன் கழலவில்லை?

கேள்வி: முதல் முறையாக என் சைக்கிளை நானே சர்வீஸ் செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். வலது பெடல் கழன்றுவிட்டது. இடது பெடலோ முழு பலத்தையும் போட்டும் அசையவில்லை. ஸ்பானர் நழுவி விரல் கிழிந்ததுதான் மிச்சம். இதெல்லாம் மெக்கானிக் வேலை என்று விட்டுவிடலாமா?

பதில்: அந்த முழு பலத்தையும் போட்டு நீங்கள் பெடலை இறுக்கியிருக்கிறீர்கள்! இடது பெடலுக்கு மரை தலைகீழ். கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும். மரை கழன்றவன் எவனோ செய்த வேலை என்று திட்டாதீர்கள். மிதிக்கும்போது காலின் அழுத்தம் எப்போதும் கீழ்நோக்கி. பெடல் மாட்டியிருக்கும் தண்டான கிராங்கோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் பெடலின் அச்சு துளைக்குள் அழுந்தும் இடம் மாறிக்கொண்டே வரும். மரைக்குள் இருக்கும் மயிரிழை இடைவெளியில் அச்சு மெல்ல மெல்ல உருளும். இரண்டு பக்கமும் ஒரே மரை என்றால், இடது பெடல் போகப் போகத் தானாகவே கழன்றுவிடும்.

திசையை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஸ்பானரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டிப் பின்சக்கரத்தின் பக்கம் இழுங்கள். எந்தப் பெடலானாலும் கழலும். நீங்கள் இறுக்கிய இறுக்குக்கு, முந்தின ராத்திரியே மரையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவைப்பது நல்லது. திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.

சரி, பெடல் உங்களிடம் என்ன கேட்டது? சத்தம் போட்டதா, ஆடியதா? அப்படி எதுவும் எழுதவில்லையே. முதல் நாளே எதையாவது கழற்றினால்தான் சர்வீஸ் என்று நினைத்துவிட்டீர்கள். ஸ்பானரையே தொடாத வேலை எவ்வளவோ இருக்கிறது. காற்றில் தொடங்குங்கள். ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் ரப்பர் வழியாகக் காற்று கசியும். எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை.

அப்புறம் செயின். அழுக்கின் மேலேயே எண்ணெயை ஊற்றுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. முதலில் துணியால் நன்றாகத் துடையுங்கள். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, வெளியே வழிவதை மறுபடி துடைத்துவிடுங்கள். எண்ணெய்க்கு வேலை உருளைக்குள்தான், வெளியே நின்றால் மண்ணைத்தான் சேர்க்கும். ஒரு ஸ்கேலையும் வைத்துப் பாருங்கள். செயின் கண்ணிகளைக் கோக்கும் சின்ன ஆணிதான் பின். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். 24 இடைவெளி சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அதற்கு மேல் ஒரு அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பற்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். பிரேக் கட்டை ரிம்மில் படுகிறதா, டயரில் உரசுகிறதா என்று பார்க்கக் கண் போதும். ரிம்மில் மட்டும் எண்ணெய் படக் கூடாது.

சக்கரக் கோட்டம் எடுப்பதை மெக்கானிக்கிடமே விடுங்கள். ஒரு கம்பியை முறுக்கினால் பக்கத்துக் கம்பிகளும் கணக்குக் கேட்கும். மற்றபடி, 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கிய ஜான் பாய்ட் டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர வண்டிக்காகத்தான் அவர் அதில் இறங்கினார். மெக்கானிக் வேலை என்று அவர் விட்டுவிடவில்லை.

அடுத்த முறை ஸ்பானர் பிடிக்கும் கையில் ஒரு கெட்டித் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். வலது பெடலில் விரல் இருக்கும் நேர் எதிரேதான் பற்சக்கரம்.