கன்றுக் கழிச்சலுக்குக் கால்சியம் டானிக் எதற்கு?

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்புப் பசு ஈன்ற கன்றுக்கு வயது 10 நாள், எடை 30 கிலோ இருக்கும். நேற்றிலிருந்து மஞ்சளாய்த் தண்ணியாய்ப் பீச்சுகிறது. மருந்துக் கடையில், “வைரஸ் கழிச்சல், கால்சியம் இறங்கிருச்சு” என்று டானிக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையும் கொடுத்தார்கள். பாலை நிறுத்திவிட்டோம். கால்சியத்தை ஊசியாகப் போட்டால் சீக்கிரம் தேறுமா?
– வாசகர், உசிலம்பட்டி அருகே

பதில்: ஊசி வேண்டவே வேண்டாம். நரம்பில் வேகமாக ஏறும் கால்சியம் இதயத்தை நிறுத்திவிடும். பாலை இன்றைக்கே திரும்பக் கொடுங்கள். பட்டினி போட்டால் புண்ணான குடல் ஆறாது.

வைரஸ் என்றது சரியாக இருக்கலாம். இந்த வயதில் ரோட்டா வைரஸ் அடிக்கடி வரும். ஆனால் கால்சியம் கதை தலைகீழ். குடல் செல்லுக்கு வெளியே இருப்பதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கால்சியம்தான் உள்ளே தனித்து நடமாடும். மிச்சத்தை உள்கிடங்கில் பூட்டி வைத்திருக்கும். வைரஸின் என்எஸ்பி4 என்ற புரதம் அந்தப் பூட்டை உடைக்கிறது. புது வைரஸுக்கு மேலோடு நிலைக்கக் கால்சியம் வேண்டும், அதற்குத்தான். கால்சியம் பெருகிய செல் சாகிறது. உப்பில் உள்ள குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் தண்ணீரும் கூடவே போகின்றன. ரத்தக் கால்சியத்தை உடம்பே சமன் செய்துகொள்ளும். டானிக்குக்கு அங்கே வேலை இல்லை. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, போன உப்பை எப்படித் திருப்புவது என்று. 1 லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டை, காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய 2 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். மனிதர் பாக்கெட்டில் சோடியம் கன்றுக்குப் போதாது. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி சமையல் சோடா சேருங்கள். அது ரத்தப் புளிப்பையும், அதாவது ரத்தத்தில் கூடிய அமிலத்தையும், தணிக்கும். இப்படி ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை.

சீனி சேர்க்கவே கூடாது! பிள்ளைகளுக்கு உப்பு-சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பழக்கத்தில் கன்றுக்கும் கரைக்கிறார்கள். சீனியைச் செரிக்கும் நொதி கன்றின் குடலில் கிடையாது. அது செரிக்காமல் புளித்து, தண்ணீரை இழுத்து, இன்னும் பீச்சும். ஓஆர்எஸ் பாக்கெட்டில் உள்ள குளுக்கோஸ்தான் சோடியத்தைக் கையோடு உள்ளே கூட்டிப்போகும். கடை டானிக் பலவும் சீனிப் பாகு, லேபிளைப் படியுங்கள். லாபம் பாட்டிலில்தான், அதனால் பாட்டிலைத்தான் நீட்டுவார்கள்.

பாலில் ஓஆர்எஸ்ஸைக் கலக்காதீர்கள். அதிலுள்ள சிட்ரேட் என்ற உப்பு பாலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பால் வயிற்றில் திரையாது. இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரம் விடுங்கள். பால் நாளைக்கு 3 லிட்டர், மூன்று வேளையாக.

கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். மடிப்பு 2 விநாடிக்கு மேல் நின்றால் நீர் வற்றியிருக்கிறது. விரலை வாயில் வைத்தும் சப்பவில்லை, காது சில்லிட்டிருக்கிறது, எழவில்லை என்றால் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். ரத்தம் புளித்து, செல்லுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியேறி இதயத்தைத் தடுமாற வைக்கும் நேரம் அது. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள், நரம்பில் திரவம் ஏற்ற வேண்டும். சாணத்தில் ரத்தம், காய்ச்சல் இருந்தாலும் டாக்டர்தான்.

அடுத்த ஈற்றில் சீம்பாலைக் கருப்பட்டி போட்டுக் கிண்டித் தெருவுக்கெல்லாம் பங்கு வைக்காதீர்கள். ஈன்ற 2 மணி நேரத்துக்குள் கன்றுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு. மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்து, இரண்டு வாரம் தினமும் பாலோடு கொஞ்சம்.