பழைய பல்சர் 220-க்கு 140 டயர் போடலாமா?

கேள்வி: என்னிடம் 2011 மாடல் பல்சர் 220 இருக்கிறது. போன மாதம் கொல்லிமலை ஏறும்போது, லேசான தூறலில், ஒரு கொண்டை ஊசி வளைவில் பின் சக்கரம் வழுக்கிவிட்டது. விழவில்லை, ஆனால் பயம் போகவில்லை. டயர் கடையில் கேட்டால், “120 டயர் போட்டால் இப்படித்தான். 140/70 ரேடியல் போடுங்கள், ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்” என்கிறார்கள். வெளிநாட்டு பிராண்டு ஒன்று, யாருமே போடாத புது டயர், பாதி விலைக்கு இருக்கிறதாம். முன் டயரில் பட்டன் நன்றாக இருப்பதால் அதை மாற்ற வேண்டியதில்லை என்றும் சொல்கிறார்கள். வாங்கலாமா? — ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: வாங்காதீர்கள். கம்பெனி கொடுத்த அதே அளவில், அதாவது முன்னால் 90/90-17, பின்னால் 120/80-17 (முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில்), நல்ல ரப்பர் உள்ள சமீபத்திய தயாரிப்பாகப் பார்த்து இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கடைக்குப் போகும் அவசரத்தில் இருந்தால் இதுவே போதும். ஆனால் கடைக்காரர் உங்களை இதோடு விடமாட்டார், அதனால் காரணத்தையும் தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் இந்த அகலக் கதை. டயர் அகலமாக இருந்தால் கிரிப் அதிகம் என்று நம்பாத ஆளே இல்லை. உண்மையில் ரோட்டில் படியும் ரப்பரின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வண்டியின் எடையும் டயருக்குள் இருக்கும் காற்றும்தான். அகலத்தைக் கூட்டினால் அந்தப் படியும் இடத்தின் வடிவம் மாறும், பரப்பு பெரிதாகக் கூடிவிடாது. வழுக்காமல் பிடிப்பது ரப்பரின் மென்மையும் வயதும்.

அகலம் கெடுதலாகவும் முடியும். 140/70-17 டயர் முறைப்படி உட்கார வேண்டுமென்றால் ரிம்மின் அகலம் குறைந்தது மூன்றரை அங்குலம் இருக்க வேண்டும், நான்கு இருந்தால் சரியாக இருக்கும். 120 டயருக்காகச் செய்த ரிம் அவ்வளவு அகலம் இருக்காது. உங்கள் ரிம்மிலேயே அச்சாகப் பதிந்திருக்கும், ‘17’ என்ற எண்ணோடு ‘எம்டி’ என்ற ஆங்கில எழுத்துகளும், பக்கத்தில் இரண்டரை, இரண்டேமுக்கால் மாதிரி ஓர் எண்ணும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் இரண்டு ஓரமும் உள்ளே இழுக்கப்பட்டு, நடுப்பகுதி கூம்பிவிடும். நேராகப் போகும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் தேயும். சாய்க்கும்போது டயரைச் செய்தவர் நினைத்த வடிவம் அங்கே இருக்காது. செயின் கவரிலோ மட்கார்டிலோ உரசுவது தனி. உரசினால் கடையில் என்ன செய்வார்கள் தெரியுமா? கவரை அறுத்துவிட்டு, “இப்போ சரியாயிடுச்சு” என்பார்கள். பார்க்க வண்டி மிரட்டலாக இருக்கும், அதை மறுக்கவில்லை. கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கு மிரட்டல் உதவாது.

இப்போது அந்தப் பாதி விலை டயருக்கு வருகிறேன். ‘யாரும் போடாத புது டயர்’ என்பதில் இருக்கும் தந்திரம் இதுதான்: யாரும் போடவில்லை என்பது உண்மை, புதுசு என்பதுதான் பொய். டயரின் பக்கச் சுவரில், பெரும்பாலும் ஒரு நீள்வட்டத்துக்குள், நான்கு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். சில டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், அதனால் புரட்டிப் பாருங்கள். கடைக்காரர் அந்தப் பக்கத்தைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தால் அதுவே பாதி பதில். ரப்பர் சும்மா இருந்தாலும் கெட்டிப்படும். நம் ஊர் வெயிலில், தகரக் கூரை போட்ட குடோனில் நாலைந்து கோடை கண்ட டயர் பளபளவென்று பாலீஷ் போட்டு நிற்கும், மழை ரோட்டில் வழுக்கும். தயாரித்து ஒரு வருடத்துக்கு மேலான டயரைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. அந்த நான்கு எண்களை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள்.

இதில் அரசாங்கத்தின் மேல்தான் எனக்குக் கோபம். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் காலாவதித் தேதி இல்லாவிட்டால் அபராதம் போடும் நாட்டில், டயரை இத்தனை வருடத்துக்கு மேல் விற்காதே என்று சொல்ல விதி இல்லை. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் கொண்டுவந்தார்கள், அனுமதி வாங்காமல் கொண்டுவர முடியாது. உள்நாட்டுத் தொழிலுக்கு நல்லது என்றார்கள், இருக்கட்டும். ஆனால் அதற்குப் பிறகு, அதுவரை கிடைத்த பல அளவுகள் கடைகளில் அரிதாகிப்போயின. அந்த இடைவெளியில் புகுந்தவர்கள்தான் இந்த ‘இம்போர்ட்டட் சரக்கு’ ஆட்கள். எங்கோ தேங்கிய பழைய சரக்கை மொத்தமாக எடுத்து, ஃபோட்டோ அனுப்பி, ஊர் ஊருக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்த ஃபோட்டோவில் தேதி எண் மட்டும் தெரியாது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டயரைக் கையில்கூடத் தொடாதீர்கள்.

உங்கள் வண்டிக்கு 15 வருடம் முடியும்போது பதிவைப் புதுப்பிக்கப் போவீர்கள். 2022 ஏப்ரலிலிருந்து டூவீலருக்கு அந்தக் கட்டணமே 300-லிருந்து 1,000 ரூபாய். கண்ணாடி இருக்கிறதா, இண்டிகேட்டர் எரிகிறதா, நம்பர் பிளேட் எழுத்து சரியா என்றெல்லாம் பார்ப்பார்கள். டயரில் பட்டன் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் அதிகம். டயரின் வயதை யாராவது குனிந்து படிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொரு சரக்கும் உண்டு, குறிப்பாக உங்கள் ஊரில் எச்சரிக்கை வேண்டும். நாமக்கல் லாரி ஊர். லாரி டயரை ரீட்ரேட் செய்து, அதாவது தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டி, ஓட்டுவது அங்கே முறையான தொழில், அதில் தப்பில்லை. அந்தப் பழக்கத்தில், தேய்ந்த பைக் டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டிப் புதுசு மாதிரி விற்பவர்களும் இருக்கிறார்கள். பைக் டயரில் அப்படி வெட்டுவதற்கு ரப்பரே கிடையாது, வெட்டினால் உள்ளே நைலான் நூல்தான். பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். கம்பெனி அச்சில் வந்த பள்ளம் வழவழப்பாக, அடியில் சின்ன மேடுகளோடு இருக்கும். அந்த மேடுகள்தான் தேய்மானக் குறி, அவற்றின் மட்டத்துக்கு டயர் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். வெட்டிய பள்ளத்தில் அந்த மேடு இருக்காது, ஓரம் பிசிறடிக்கும்.

முன் டயர் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது தவறு மட்டுமல்ல, ஆபத்து. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் பெரும்பாலும் முன்னால்தான் வந்து விழும். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க வாய்ப்பு உண்டு, நீங்களே சமாளித்திருக்கிறீர்கள். முன் சக்கரம் வழுக்கினால் அதற்கு நேரம் இருக்காது. உங்கள் முன் டயரில் பட்டன் இருக்கலாம், எந்த வருடத்து டயர் என்று பார்த்தீர்களா? அதிலும் அதே நான்கு எண்கள் உண்டு. ஐந்து வருடம் தாண்டினால் வருடம் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள், பத்து வருடம் ஆனால் பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. மலை ஏறும் ஆளுக்கு நான் பத்துவரை தரமாட்டேன், ஆறோடு முடித்துக்கொள்ளுங்கள். பக்கச் சுவரில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தால் ஆறுகூட வேண்டாம்.

ரேடியலுக்கு வருவோம். ரேடியல் என்றால் உள்ளே நூல் குறுக்காக, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும். சாதா டயரில் அது சாய்வாகப் பின்னியிருக்கும். இரண்டும் அழுத்தத்துக்கு வேறுவேறு விதமாக வளையும், அதனால் இரண்டையும் கலக்காதீர்கள் என்பது பொதுவிதி. இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லாவிட்டால் “யமஹா ஆர்15-ல் கம்பெனியே கலந்துதானே கொடுத்தான்” என்று நாளைக்கே யாராவது உங்களை மடக்குவார்கள். ஆமாம், 2011-ல் வந்த ஆர்15 இரண்டாம் பதிப்பில் முன்னால் 90/80-17 சாதா டயர், பின்னால் 130/70 ரேடியல். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அங்கே ரேடியல் இருப்பது பின்னால். தலைகீழாக, முன்னால் ரேடியலும் பின்னால் சாதாவும் போட்டால் வளைவில் முன் பக்கம் ஒரு மாதிரியும் பின் பக்கம் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். இரண்டு, அந்த வண்டிக்கு அதற்கேற்ற அகலமான பின் ரிம்மைப் போட்டார்கள். முந்தைய பதிப்பில் பின்னால் 100/80 டயர்தான், அந்தப் பழைய ரிம்மில் 130-ஐ மாட்டிவிட்டு அவர்கள் விற்கவில்லை. மூன்று, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், டயர் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்துத் தீர்மானித்தது கம்பெனி, மூலைக்கடை இல்லை. ஆகவே விலக்கு அந்த வண்டிக்கு. அதைக் காட்டி உங்கள் 220-ல் கலக்காதீர்கள்.

சரி, என்ன வாங்குவது? 120/80-17 நம் நாட்டில் தாராளமாகக் கிடைக்கும் அளவு. எம்ஆர்எஃப், சியட், மதுரையில் தயாராகும் டிவிஎஸ் யூரோகிரிப் எல்லாவற்றிலும் கேட்டுப் பாருங்கள். பிராண்டைவிட முக்கியம், கடைக்காரரிடம் நீங்கள் கேட்கும் கேள்வி. “கிலோமீட்டர் அதிகம் ஓடுவது வேண்டாம், கிரிப் அதிகம் இருப்பது வேண்டும்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 30,000 ஓடும் என்று ஒரு கல்லை எடுத்து மாட்டிவிடுவார். மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும். கிரிப்பும் வேண்டும், அஞ்சு வருஷமும் உழைக்க வேண்டும் என்றால் அப்படி ஒரு டயரை யாரும் இன்னும் செய்யவில்லை. பள்ளங்கள் நடுவிலிருந்து ஓரம் வரை ஓடும் டிசைனாகப் பாருங்கள், மழைத் தண்ணீர் வெளியேற அதுதான் வழி. அளவுக்குப் பக்கத்தில் 61பி என்று இருக்கும். 61 என்றால் 257 கிலோ தாங்கும், பி என்றால் 150 கிலோமீட்டர் வேகம்வரை. அதற்குக் குறைந்ததை வாங்காதீர்கள்.

விலையில் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22-லிருந்து டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்தது. பழைய விலைச் சீட்டு ஒட்டிய டயரை அதே விலைக்கு நீட்டினால் இரண்டு கேள்வி கேளுங்கள்: குறைந்த வரி எங்கே, இந்தச் சீட்டு எப்போது ஒட்டியது?

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டீ குடிக்கப் போகாதீர்கள். பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும், சக்கரம் முன்னோக்கி உருளும் பக்கம் அது இருக்க வேண்டும். இதைத் தலைகீழாக மாட்டிய வண்டிகள் எங்கள் பட்டறைக்கு இன்றும் வருகின்றன. சின்னதாக மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும். பழைய ரப்பர் வால்வை அப்படியே விடவேண்டாம், புதிது போடச் சொல்லுங்கள், அதன் விலை டயரோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. சோப்புத் தண்ணீர் தடவிக் காற்று ஏற்றும்போது ‘டப், டப்’ என்று இரண்டு சத்தம் வரும், டயர் ரிம்மில் உட்காருகிறது. அதற்கப்புறம் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி, ரிம் ஓரமாக டயரில் இருக்கும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். “ஓட ஓடச் சரியாயிடும்” என்பார்கள். ஆகாது. டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டுத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காற்று முன்னால் 25, தனியாகப் போனால் பின்னால் 28, பின்னால் ஆள் இருந்தால் 32. காலையில், வண்டி ஓடிச் சூடாகும் முன் பார்க்க வேண்டும். மலைக்குப் போகிறோம் என்று காற்றைக் கூட்டிப் பிடிப்பது ஒரு கெட்ட பழக்கம், வழுக்குவதற்கு அதுவே வழி செய்யும். நைட்ரஜன் பிடித்தால் கிரிப் கூடுமா என்றும் பலர் கேட்கிறார்கள். கூடாது. புது டயர் முதல் 100, 150 கிலோமீட்டருக்கு மேற்பரப்பு வழவழப்பாகத்தான் இருக்கும். சமதளத்தில் நிதானமாக ஓட்டி அந்தப் பளபளப்பு போன பிறகு மலை ஏறுங்கள்.

கடைசியாக ஒன்று, டயர் கடையில் இதைச் சொல்லமாட்டார்கள். 2011 வண்டியில் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தால் வளைவில் பின்பக்கம் ஆடும், டயர் வழுக்குவது போலவே தோன்றும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தின் மேல் பகுதியைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் புஷ்ஷையும் சக்கர பேரிங்கையும் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்துவிட்டு டயர் வாங்கப் போங்கள். ஹேண்டில்பார் திரும்ப உதவும் முன்பக்க பேரிங்கான கோன் செட்டையும் அதே நாளில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.