“சாப்பிட்டியா?” “ம்…” அதோடு சரி

வணக்கம் அம்மா,

நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். கணவரின் சொந்த ஊர் பாம்பன். மாமனாருக்கு 71 வயது. கடலுக்குப் போவதை விட்டுவிட்டார், கரையில் உட்கார்ந்து விசைப்படகுக்காரர்களுக்கு வலை பொத்திக் கொடுக்கிறார். போன வருஷம் மாமியார் இறந்ததிலிருந்து தனியாள்.

மகன் பத்தாவது பரீட்சை எழுதியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் போனை அவன் கையில் திணித்து, “தாத்தாகிட்ட பேசுடா” என்பேன். அவர் “சாப்பிட்டியா?” என்பார். இவன் “ம்.” “நல்லாப் படிக்கிறியா?” “ம்.” அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். போன் என்னிடமே வந்துவிடும். திட்டினால், “நம்மள வேண்டாம்னு சொன்னவருதானே” என்கிறான்.

இருபது வருஷத்துக்கு முன்னால் என் கணவர் பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பியபோது, “கடலை விட்டுட்டுப் போறவன் இந்த வாசப்படியை மிதிக்காதே” என்று மாமனார் சொன்னது உண்மைதான். பிறகு சமாதானமாகிவிட்டார்கள். ஆனாலும் இருவருக்கும் நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் பேச்சு.

மே மாதம் பத்து நாள் மகனை அங்கே விடலாமா? தனுஷ்கோடி புயலின்போது மாமனாருக்குப் பத்து வயதாம். அதைக் கேட்டு வீடியோ எடுத்தால் பையன் ஒட்டிக்கொள்வான் என்று என் தம்பி சொல்கிறான்.

– பாம்பன் மருமகள்

அன்புள்ள சகோதரிக்கு,

போன் பேச்சை விட அந்த வாசப்படிதான் என் கண்ணில் பட்டது. மகன் பிறப்பதற்கு முன்னால் நடந்த சண்டை அது. அவனுக்கு யார் சொன்னது? தாத்தா சொல்லியிருக்க மாட்டார். உங்கள் வீட்டு அடுப்படியில் என்றைக்கோ விழுந்த பேச்சு அவன் காதில் தங்கிவிட்டது. அவனுடைய “ம்” திமிர் இல்லை. அப்பா பக்கம் நிற்கிறான், அவ்வளவுதான். அதனால், “அது எனக்கும் தாத்தாவுக்கும் உள்ளது, உனக்கு அதில் பங்கில்லை” என்று உங்கள் கணவர்தான் அவனிடம் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் எடுபடாது.

தாராளமாக அனுப்புங்கள். ஆனால் முதல் தடவைக்குப் பத்து நாள் அதிகம், நாலு நாள் போதும். கணவர் கொண்டுபோய் விட்டுவிட்டு மறுநாளே திரும்பட்டும். நீங்கள் நடுவில் இருந்தால் இருவரும் உங்கள் மூலமாகத்தான் பேசுவார்கள்.

காலமும் தோதாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், வலை வேலை குவிந்து கிடக்கும். “பேரனோடு பேசுங்கள்” என்று மாமனாரிடம் சொல்லாதீர்கள். “கூடமாட ஒத்தாசைக்கு அனுப்புறோம் மாமா” என்று சொல்லுங்கள். ஊசியில் நூல் சுற்றிக் கொடுக்கட்டும், கிழிந்த இடத்தை இழுத்துப் பிடிக்கட்டும். இந்த வயதுப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து உட்காரவைத்தால் வாயே திறக்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கை வேலையில் இருந்தால் தானாக இரண்டு வார்த்தை வரும். இவன் போட்ட முடிச்சு நழுவும், பெரியவர் சலித்துக்கொள்வார். அதுவும் பேச்சுதான். அரை நாள் பேசாமல் கழிந்தாலும் விட்டுவிடுங்கள். ராத்திரி போன் போட்டு “தாத்தா என்ன சொன்னாரு?” என்று துருவ வேண்டாம்.

புயல் வீடியோ வேண்டவே வேண்டாம். 1964 டிசம்பர் 22 ராத்திரி, ரயிலையே ஆட்களோடு கொண்டுபோன புயல் அது. பத்து வயதுப் பையனாக மறுநாள் அவர் யாரைத் தேடி அலைந்தாரோ! கேமராவை நீட்டிக் கேட்கிற சங்கதியா அது? அவராக ஆரம்பித்தால், போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கட்டும்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமைப் போனுக்கு ஒரு சின்ன மாற்றம். “சாப்பிட்டியா” என்று அவர் கேட்கிறாரே, மாமியார் போனபின் அவரை யார் கேட்கிறார்கள்? “நீங்க இன்னைக்கு என்ன குழம்பு வெச்சீங்க தாத்தா?” என்று மகன் திருப்பிக் கேட்கட்டும். ஒரு கேள்வி போதும். பதிலில் பழைய சோறும் டீயும்தான் திரும்பத் திரும்ப வந்தால், அதை உங்கள் கணவர் காதில் போடுங்கள். அவரைப் போய்ப் பார்க்க வேண்டியது பேரன் மட்டுமில்லை.

பையில் பழைய சட்டையாக இரண்டு வைத்து அனுப்புங்கள். வலையோடு உட்கார்ந்தால் மீன் வாடை லேசில் போகாது.