எளியவர்களுக்காக வழக்காடும் விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரின் தொழில் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

வாய்ப்பும் வசதியும் இல்லாதவர்களின் வழக்குகளை மட்டுமே நடத்தி ஒரு வழக்கறிஞர் காலம் தள்ள முடியுமா, அந்த வேலையின் அன்றாடம் எப்படிப்பட்டது என்று சட்டக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். நான் வட தமிழகத்தின் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்கிறேன். வன்கொடுமை வழக்குகள், கொத்தடிமை வழக்குகள், விபத்து இழப்பீட்டு வழக்குகள் ஆகியவற்றை நடத்திய சீனியர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்ந்து, இன்று அவர் விட்டுச்சென்ற வழக்குக் கட்டுகளையும் சேர்த்துப் பார்த்துவருகிறேன். உயர் நீதிமன்றத்தில் நடக்கும் பொதுநல வழக்குகளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்; நான் கீழ் நீதிமன்றத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில், குரலை உயர்த்தி நீண்ட வாதம் செய்யும் வழக்கறிஞரைத் திரையில் பார்த்துவிட்டு வருபவர்கள் அந்தப் படத்தை மனத்திலிருந்து அழித்துவிடுவது நல்லது. நாங்கள் வாதத்துக்குச் செலவிடும் நேரம் மிகக் குறைவு. எங்கள் கட்சிக்காரர்களின் வாழ்க்கையில் காகிதம் இல்லை. நீதிமன்றமோ காகிதத்தைத்தான் படிக்கும். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, பட்டா என்று எதுவுமே இல்லாத ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த கொடுமையை, மேல்முறையீட்டில் யார் எடுத்துப் படித்தாலும் அசைக்க முடியாத பதிவாக மாற்றுவதுதான் எங்கள் வேலை. விசாரணை நீதிமன்றத்தில் பதிவாகாத ஒன்றைச் சென்னையிலோ டெல்லியிலோ எவ்வளவு பெரிய சீனியர் வந்து நின்றாலும் புதிதாக உண்டாக்கிவிட முடியாது.

அந்தப் பதிவு காவல் நிலையத்தில் எழுதப்படும் புகாரிலேயே தொடங்கிவிடுகிறது, பெரும்பாலும் அங்கேயே கெட்டும் போகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன்படி, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது குற்றம். பாதிக்கப்பட்ட பெண் சொன்னதை அப்படியே எழுதாமல், ‘அசிங்கமாகத் திட்டி’ என்று நிலைய எழுத்தர் சுருக்கிவிட்டால் அந்தப் பிரிவு அன்றே ஆட்டம் கண்டுவிடும். பிறகு சாட்சிக் கூண்டில் அவர் சாதிப் பெயரைச் சொல்லும்போது, புகாரில் இல்லாததை இப்போது சேர்க்கிறார் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்பார். அவர் கேட்பது சட்டப்படி சரியான கேள்விதான். சம்பவம் வீட்டுக்குள் நடந்ததா, தெருவில் நடந்ததா, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பவையும் புகாரிலேயே இருக்க வேண்டும். நான்கு சுவர்களுக்குள் வெளியார் யாரும் இல்லாத நிலையில் நடந்த வசவு இந்தப் பிரிவுக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது.

இருளர் போன்ற பழங்குடியினருக்கு இதற்கும் முன்னால் இன்னொரு தடை உண்டு. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் வழங்க வேண்டும். அது கையில் இல்லாவிட்டால், அடி வாங்கியவர் பழங்குடியினர் என்பதையே மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். ஆகவே ஓர் அடிதடி வழக்கில் நாங்கள் செய்யும் முதல் வேலை, பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போவதாக இருக்காது; கோட்டாட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு காத்திருப்பதாகவே இருக்கும்.

மாணவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞருக்கு அந்த வழக்கு சொந்தமில்லை. குற்ற வழக்கை நடத்துபவர் அரசு வழக்கறிஞர். அவருக்கு உதவியாக இருக்கவும், சாட்சியம் முடிந்தபின் நீதிமன்றத்தின் அனுமதியோடு எழுத்துமூலம் வாதுரை தாக்கல் செய்யவுமே நமக்கு உரிமை. நாமாகச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதை 2019இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதிசெய்தது. அரசு வழக்கறிஞர் அக்கறை உள்ளவராக இருந்தால், பக்கத்தில் நின்று துண்டுச் சீட்டில் கேள்வியை எழுதிக் கொடுப்போம், அவர் கேட்பார். அக்கறை இல்லாதவராக இருந்தால், வன்கொடுமைச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 4(5)ஐக் காட்டி, பாதிக்கப்பட்டவர் விரும்பும் வழக்கறிஞரைச் சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்கும்படி மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுப்போம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன் மனு உள்ளிட்ட எல்லாக் கட்டங்களிலும் பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சொன்ன பிறகு, எங்களுக்கு நிற்க ஓர் இடமாவது கிடைத்தது.

எல்லாவற்றிலும் கடினமான வேலை சாட்சிகளைக் காப்பது. சம்பவம் நடந்து ஆண்டுகள் கழித்தே அவர்கள் கூண்டில் ஏறுகிறார்கள். அதற்குள் எதிர்த்தரப்பின் நிலத்தில்தான் அவர்கள் கூலிக்குப் போகிறார்கள், எதிர்த்தரப்பினரின் கடையில்தான் கடன் சொல்லி அரிசி வாங்குகிறார்கள், கோயில் திருவிழாவுக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் வந்து சமாதானம் பேசுகிறார்கள். சாட்சிக்கும் உடன் வருபவருக்கும் பயணப்படியும் கூலி இழப்பும் தர வேண்டும், அதையும் மூன்று நாளுக்குள் தர வேண்டும் என்று 1995 விதிகள் சொல்கின்றன. நடைமுறையில் அந்தப் பணம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியதாக இருக்கிறது. பல நாட்களில் பேருந்துக் கட்டணத்தை எங்கள் குமாஸ்தாதான் கொடுத்து அனுப்புவார். சாட்சியை அழைத்த தரப்பு நடத்தும் முதல் விசாரணை முடிந்த அன்றே குறுக்கு விசாரணையையும் முடிக்காமல் வாய்தா வாங்கிவிட்டால், அந்த இடைவெளியில் சாட்சி கலைக்கப்படுவார் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். 2015இல் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தும் அது ஒழியவில்லை. 2018இல் அதே நீதிமன்றம் ஏற்பளித்த சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுப் போட்டால் உதவி கிடைக்கும். ஆனால் காவலர் ஒருவரை வாசலில் நிறுத்துவதால் கூலி வேலை திரும்பக் கிடைத்துவிடாது.

சாட்சி முன்பு சொன்னதை மறுத்துப் பிறழ்ந்துவிட்டால் வழக்கே போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல என்பதற்கு, பொறியாளர் கோகுல்ராஜ் கொலை வழக்கை இளம் வழக்கறிஞர்கள் வரிக்கு வரி படிக்க வேண்டும். 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட அவருடைய உடல், பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. அவரோடு கோயிலில் இருந்த முக்கியச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். கேமராப் பதிவில் இருப்பது தான் அல்ல என்றார். மகனை இழந்த தாய் நீதிமன்றத்தை நாடியதால் விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. ப. பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வழக்கை நடத்தினார். கோயில் கேமராப் பதிவுகளையும் மற்றச் சூழ்நிலைச் சாட்சியங்களையும் ஒவ்வொரு கண்ணியாகக் கோத்ததன் பயனாக 2022 மார்ச்சில் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டனர். 2023இல் உயர் நீதிமன்றம் கோயிலையும் தண்டவாளத்தையும் நேரில் பார்த்து, இருவரின் தண்டனையைக் குறைத்து, மற்றவர்களின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. முக்கியச் சாட்சியே மறுத்த பிறகும் வழக்கு நின்றதென்றால், அவரை நம்பி மட்டும் அது கட்டப்படவில்லை என்பதே காரணம்.

காலத்தின் நீளத்துக்கு வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, பெண்களும் குழந்தைகளும் சிறைக்கு அனுப்பப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அரசு ஊழியர்கள் என்பதால், நடந்தது எதற்கும் அரசிடம் ஒழுங்கான பதிவு இருக்கவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் தொடர்ந்து நடத்திய போராட்டமும், அக்கட்சியின் தலைவர்களில் ஒருவரான அ. நல்லசிவன் தொடுத்த வழக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து அளித்த அறிக்கையும் சேர்ந்துதான், 1995இல் சிபிஐ விசாரணை என்ற கட்டத்துக்கு அதைக் கொண்டுவந்தன. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தனர்; உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று முடிவானது. அதே செப்டம்பர் 29இல், 2023ஆம் ஆண்டு, உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டது. அந்தப் பெண்கள் அதே சொற்களை ஆண்டுக்கணக்காக அதிகாரிகள் முன்னாலும் நீதிமன்றத்திலும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இந்த வழக்கில் வழக்கறிஞர்களின் திறமையைவிட அவர்களுடைய உறுதியே பெரிது என்பது என் கருத்து.

ஒரு வழக்கறிஞரின் பெயரைச் சொல்லச் சொன்னால் மதுரை பொ. ரத்தினம் அவர்களைச் சொல்வேன். 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் பேருந்தில் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கிலும், 2003இல் விருத்தாசலம் அருகே சாதி மறுப்புத் திருமணம் செய்த முருகேசனும் கண்ணகியும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட வழக்கிலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பக்கம் நின்றவர் அவர். இரண்டாவது வழக்கில் உள்ளூர்க் காவல்துறை, கொல்லப்பட்ட இளைஞரின் உறவினர்களையும் குற்றவாளிகளாகச் சேர்த்திருந்தது. வழக்கு சிபிஐக்கு மாறி, 2021 செப்டம்பரில் கடலூரில் தீர்ப்பு வந்து, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்யும் வரை ஏறத்தாழ 22 ஆண்டுகள். ஒரு வழக்கறிஞருடைய தொழில் வாழ்க்கையின் சரிபாதி அது.

எளியவர்கள் எப்போதும் புகார்தாரர்களாகவே இருப்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். திருட்டு வழக்குகளில் எளிதாகப் பிடிபடுகிறவர்களும் அவர்களே. ஒத்துக்கொண்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு, அடுத்த வழக்கில் ‘பழைய குற்றவாளி’ ஆனவர்களை ஒவ்வொரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் காணலாம். ஜாமீன் கிடைத்த பின்னும் வீட்டு வரி ரசீதோடு இரண்டு ஜாமீன்தாரர்களைக் கொண்டுவர முடியாமல் சிறையிலேயே கிடப்பார்கள். ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் தர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைச் சுட்டிக்காட்டி மனுப் போட ஒருவர் இருக்க வேண்டுமே.

இனி சோற்றுக்கு என்ன வழி என்ற கேள்வி. மேலே சொன்ன வழக்குகளில் கட்டணம் அநேகமாகக் கிடையாது. என் சீனியரின் அலுவலகத்தை நடத்தியவை மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளே. அவற்றை வெறும் வருமானம் என்று நான் தாழ்வாக நினைப்பதில்லை, ஏனென்றால் அங்கேயும் அதே காகிதச் சிக்கல்தான். முப்பது வயதுக் கொத்தனார் ஒருவர் மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் ஆகியோரை விட்டு இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வருமானச் சான்று இல்லை என்று மாதம் 6,500 ரூபாயாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டால், எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்து, ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டு, அவர் வயதுக்குரிய பெருக்கு எண்ணான 17ஆல் பெருக்கும்போது வருமான இழப்பு 13,92,300 ரூபாய். மேஸ்திரியைச் சாட்சியாக அழைத்து, கட்டுமான நலவாரிய அட்டையைச் சான்றாவணமாகக் குறியீடு செய்து, மாதம் 12,000 ரூபாய் என்று நிறுவினால் அதே கணக்கு 25,70,400 ரூபாய் ஆகிறது. மேஸ்திரியை ஒரு நாள் வேலையை விட்டு வரச் சொல்வதற்கான உழைப்பு, அந்தக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். கட்டணத்தை எவ்வளவு எடுக்கிறோம் என்பதில் எங்கள் ஊரில் நடக்கும் சில காரியங்களை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

கொத்தடிமை வழக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வாங்கிய முன்பணம் கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்க வேண்டியவர் கடன் கொடுத்த முதலாளி. சட்டம் இவ்வளவு தெளிவாக நம் பக்கம் இருக்கும் இடங்கள் குறைவு. ஆனாலும் மீட்கப்பட்ட அன்றே விடுதலைச் சான்றிதழ் வாங்காமல் ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டால், மறுவாழ்வுத் தொகையும் வராது, குற்ற வழக்கும் தேறாது.

இதைத் தேர்ந்தெடுக்கலாமா என்றால், தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இதை மட்டுமே செய்வேன் என்ற உறுதியோடு முதல் நாளே வராதீர்கள். உரிமையியல், குற்றவியல், விபத்து என்று எல்லாம் நடக்கும் ஒரு மாவட்ட நீதிமன்ற அலுவலகத்தில் சேருங்கள். முதல் சில ஆண்டுகள் எதிர்த்தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக, நிறைய ஆஜராகுங்கள். ஒரு சாட்சியம் எங்கே உடையும் என்பது உடைத்துப் பார்த்தவருக்கே தெரியும். காவல்துறையிடம் தந்த வாக்குமூலத்தையும் (பழைய 161, 2024 ஜூலை முதல் 180ஆவது பிரிவு) மாஜிஸ்திரேட்டிடம் தந்த வாக்குமூலத்தையும் (பழைய 164, இப்போது 183) புகாரையும் அருகருகே வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் படிக்கப் பழகுங்கள். நீதிபதி சொல்லச் சொல்லச் சாட்சியம் தட்டச்சாகும்போது, சாட்சி சொன்னது ஒன்றும் பதிவாவது ஒன்றுமாக இருந்தால் அந்த நிமிடமே எழுந்து திருத்தக் கேளுங்கள். நீதிபதி முகம் சுளிப்பார். நாளைக்கு மனுப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், சாட்சி கையெழுத்துப் போட்டு இறங்கிய பிறகு அதைத் திருத்துவது மிகக் கடினம்.