கால்பந்தில் ஃப்ரீ கிக் தடுப்புச் சுவர் (எதிரணியின் உதையைத் தடுக்க வரிசையாக நிற்கும் வீரர்கள்): வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் கோல்கீப்பர் எந்த ஃப்ரீ கிக்குக்கும் சுவரில் ஐந்து பேரைக் கேட்கிறார். அது சரியா?

பதில்: சரியன்று. பெனால்டி பகுதிக்குச் சற்று வெளியே, கோலுக்கு நேரெதிரே பந்து இருந்தால் நான்கு அல்லது ஐந்து பேர் தேவைப்படலாம். பந்து ஓரத்தை நோக்கி விலக விலக மூவர், இருவர் எனக் குறைத்துக்கொண்டு, பக்கக் கோட்டருகே ஒருவரே போதும் என்று விட்டுவிடலாம். சுவரில் கூடுதலாக நிற்கும் ஒவ்வொருவரும் எதிரணியில் ஒருவரைக் காவலின்றி விடுகிறார் என்பதோடு, கீப்பரின் பார்வையையும் மறைக்கிறார். சுவர் கோல் முழுவதையும் அடைப்பதற்கானதன்று. பந்துக்கு அருகிலுள்ள கோல் கம்பத்தின் பக்கத்தை அது காக்க, மீதியைப் பந்தைத் தெளிவாகப் பார்க்கும் கீப்பர் காக்க வேண்டும்.

கேள்வி: கம்பத்தருகே நின்று கீப்பர் சுவரைச் சரிசெய்யும்போதே எதிரணி உதைத்துவிட்டால் கோல் செல்லுமா?

பதில்: விசிலுக்குக் காத்திருக்குமாறு நடுவர் சொல்லியிராவிட்டால் செல்லும். 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் நடந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நாக்அவுட் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் அணி ஆயத்தமாகும் முன்பே பெங்களூரு எஃப்சியின் சுனில் சேத்ரி உதைத்த பந்து கோலாக ஏற்கப்பட்டது. பிளாஸ்டர்ஸ் வீரர்கள் களத்தைவிட்டு வெளியேற, பெங்களூரு எஃப்சி வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஆகவே அந்த வேலையைக் கீப்பரிடமிருந்து எடுத்துவிடுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. முன்கள வீரர் ஒருவர் பந்துக்குப் பின்னால் சென்று, பந்தையும் அருகுக் கம்பத்தையும் இணைக்கும் கோட்டில் சுவரின் ஓரத்திலிருந்து இரண்டாமவர் நிற்கும்படி கைகாட்டட்டும். ஓரத்தில் நிற்பவர் அக்கோட்டுக்கு வெளியே நின்று, சுவரைச் சுற்றி வளைந்து வரும் பந்தைத் தடுப்பார். 1997இல் லியோன் நகரில் பிரான்சுக்கு எதிராக பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸ் ஏறத்தாழ 35 மீட்டரிலிருந்து அடித்த பந்து, சுவருக்கு வெளிப்புறமாகச் சென்றே உள்ளே திரும்பியது.

கேள்வி: சுவரில் நிற்பவர்கள் குதிக்க வேண்டுமா?

பதில்: பந்து கோலிலிருந்து 20 மீட்டர் தொலைவுக்குள் இருந்தால் குதிப்பது பயன்தரும், ஏனெனில் பந்திலிருந்து 9.15 மீட்டரில் நிற்கும் சுவரைத் தாண்டிய பந்து, 2.44 மீட்டர் உயரக் குறுக்குக் கம்பத்துக்குக் கீழே இறங்கியாக வேண்டும். ஆனால் 2006 டிசம்பரில் ஜெர்மனியின் வெர்டர் பிரேமன் அணி வீரர்கள் குதித்தபோது, பார்சிலோனாவின் ரொனால்டினோ அவர்களின் கால்களுக்குக் கீழாகவே பந்தை உருட்டி கோலடித்தார். எனவே சுவருக்குப் பின்னால் ஒருவரைப் படுக்க வையுங்கள். அதற்கு ஒதுக்க ஆளில்லையெனில் யாரும் குதிக்க வேண்டாம்.

கேள்வி: எதிரணியினர் நம் சுவருக்குள் நுழைந்து நெருக்கினால்?

பதில்: 2019 முதல், மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட சுவரிலிருந்து அவர்கள் குறைந்தது 1 மீட்டர் விலகி நிற்க வேண்டும், மீறினால் உங்களுக்கு மறைமுக ஃப்ரீ கிக் (நேரடியாகக் கோலடிக்க முடியாத உதை) கிடைக்கும்.